சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம்

ஆனைகட்டி
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

மாதாவே துணை.

அன்புள்ள ரிஞ்சுவுக்கு மிக்கேல் எழுதுறது. நான் சுகம். உன் சுகமும் டின்சி சுகமும் கேட்டு எழுத நாலு வாரம் ஆயிருச்சு, கோவிச்சுக்காதே. முதல் மூணு வாரம் பேனா பிடிச்சா கை ஆடுச்சு. அந்தக் கோழிக் கிறுக்கலை நீ பார்க்க வேணாம்னுதான் எழுதல.

ஆறு மாசத்துக்குப் போன் கிடையாதுன்னு சேர்க்கும்போதே உங்கிட்டயும் சொன்னாங்கல்ல, அதுல ஒரு மாத்தமும் இல்ல. ஞாயித்துக்கிழமை கடுதாசி எழுதலாம். குடியை விட வந்தவங்க மொத்தம் இருபத்தெட்டுப் பேர். என் பக்கத்துக் கட்டில் குஞ்சு முகம்மது பாய், பாலக்காட்டுல பாத்திரக்கடை வச்சிருக்கார். கடையில இருக்கிற குடம் அத்தனையும் வித்துக் குடிச்சிட்டேன் மிக்கேலுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். சிரிக்காத நாள் ரொம்பக் கஷ்டம்.

புதன்கிழமை மத்தியானம் கைவேலை வகுப்பு. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துல இருந்து ஜானகியம்மாள்னு ஒரு டீச்சர் வர்றாங்க. கை நடுக்கம் நிக்க இதைவிட நல்ல மருந்து இல்லையாம். பழைய பேப்பரைக் குறுக்கா வெட்டி, குடைக்கம்பியில இறுக்கிச் சுத்தி, முனையில மைதாப் பசை தொட்டு ஒட்டினா குழாய் மாதிரி ஆகும். நூறு குழாய் இருந்தா ஒரு கூடை பின்னலாம். நான் பின்னினதை இதோட பார்சல்ல அனுப்பிருக்கேன். வெங்காயம் பூண்டு போட்டு வை. கடையில வாங்கினா எவ்வளவு ஆகும் தெரியுமா? இதுக்கு மைதா செலவு மட்டும்தான்.

டின்சிக்குக் கையில கட்டு அவிழ்த்தாச்சா? சின்ன எலும்பு, சீக்கிரம் கூடிரும். அவளுக்கு என் முத்தம்.

உன்
மிக்கேல்

*

வட்டவடை ரோடு
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள டின்சி அப்பாவுக்கு,

ரிஞ்சு எழுதிக்கிறேன். இங்க நாங்க இருக்கோம். நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்க, சோறு ஒழுங்கா சாப்பிடுங்க.

கூடை வந்துச்சு. பார்சலைப் பிரிச்சுப் பார்த்தேன், உள்ள டின்சிக்கு ஏதாவது சீட்டு இருக்குமான்னு. இல்ல.

கட்டு அவிழ்த்தாச்சு.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அவளுக்குன்னு தனியா ரெண்டு வரி எழுதுங்க. ஜூன் பன்னிரண்டாம் தேதி ஸ்கூல் விட்டு அவளைக் கூட்டிட்டு வந்தப்போ நீங்க எந்த நிலைமையில ஜீப்பை ஓட்டினீங்கன்னு அவளுக்குத் தெரியும், பக்கத்துல உட்கார்ந்திருந்தவ. மாடு குறுக்க வந்துச்சு, அதான் வண்டி கேரட் காட்டுக்குள்ள உருண்டுச்சுன்னு ஊரு முழுக்கச் சொன்னீங்க. போலீஸ்ல சொன்னீங்க, ஆஸ்பத்திரியில அவ கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு எங்கிட்டயும் அதையே சொன்னீங்க. அவ என்னைப் பார்த்தா, உங்களைப் பார்த்தா. அவ எந்த மாட்டையும் பார்க்கலயாம். நீங்க போன பிறகுதான் சொன்னா.

அதனால எழுதுங்க. கூடை இன்னொண்ணு வேணாம், வீட்டுல பூண்டும் அவ்வளவு இல்ல.

டின்சிக்கு ஓணப் பரீட்சை முடிஞ்சுது. எப்படி எழுதினான்னு அப்புறம் சொல்றேன்.

இப்படிக்கு
ரிஞ்சு

*

ஆனைகட்டி
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள ரிஞ்சுவுக்கு,

தேவன் கிருபையால நான் நல்லா இருக்கேன், நாலு கிலோ ஏறியிருக்கேன். உன் கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். டின்சிக்குக் கண்டிப்பா எழுதுறேன். எழுத உட்காரும்போது வார்த்தை வர மாட்டேங்குது. அதுக்குள்ள அவ சந்தோஷப்படுற மாதிரி ஒண்ணு செஞ்சிருக்கேன், பார்சல்ல வருது. பத்திரமாப் பிரி, கண்ணாடி.

பாட்டில்ல செய்யுற அலங்காரம். பாட்டிலைச் சோப்புத் தண்ணியில ஊற வச்சு லேபிளை உரிக்கணும். மேல டிஷ்யூ பேப்பரைக் கசக்கி ஃபெவிகால் தடவி ஒட்டினா, காஞ்ச பிறகு மரப்பட்டை மாதிரி சுருக்கம் சுருக்கமா நிக்கும். அதுக்கு மேல கறுப்பு பெயின்ட், அது காய்ஞ்சதும் பஞ்சுல தங்கக் கலரைத் தொட்டு லேசா ஒத்தி எடுக்கணும். கழுத்துல சணல் கயிறு சுத்தி, பிஸ்தா ஓட்டுல ஒரு பூ. உள்ள சின்ன சீரியல் லைட் விட்டா இருட்டுல மின்மினி மாதிரி இருக்கும். குஞ்சு முகம்மது பாய் என் பாட்டிலைப் பார்த்துட்டு இதைப் பாலக்காட்டுக் கல்யாண வீட்டுல மேடைக்கு ரெண்டு பக்கமும் வைக்கலாம்னார். டேபிள் மேல வை.

நான் ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போடல. எல்லாருக்கும் முன்னாடி முடிக்கிறது நான்தான்.

டின்சி பரீட்சை எப்படி எழுதியிருக்கா?

உன்
மிக்கேல்

*

வட்டவடை ரோடு
2 அக்டோபர் 2025

அன்புள்ள டின்சி அப்பாவுக்கு,

உங்க உடம்பு தேறினதுல சந்தோஷம். பதில் எழுத நாளாயிருச்சு. பத்து நாள் நாங்க ஊர்ல இல்ல. அதை விடுங்க.

உங்க பாட்டில் வந்த கதையைக் கேளுங்க. பார்சல் போஸ்ட் ஆபீஸ்லயே ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. மொக்கையன் அண்ணன் தபாலோட எஸ்டேட் லயத்துக்குள்ள வரும்போதே சத்தம்: "ஏ ரிஞ்சு! ஒம் புருசன் ஆனைகட்டியில இருந்து பாட்டில் அனுப்பிருக்கான்!" பதினாறு வீடும் வாசலுக்கு வந்துருச்சு. அந்தப் பெரிய மனுசனுக்குக் கெட்ட எண்ணம் இல்ல, கவருக்குள்ள தெரிஞ்சதைச் சொன்னாரு. நான் எல்லார் முன்னாடியும் நின்னு, இல்லண்ணே, இது பூச்சாடி, இது பூச்சாடின்னு காட்ட வேண்டியதாப் போச்சு.

டேபிள் மேல வைக்கச் சொல்றீங்க. நம்ம வீட்டுல டேபிள் எங்க இருக்கு? பன்னிரண்டுக்குப் பத்து அறையில கட்டில், பீரோ, அரிசி டின். அரிசி டின் மேல வச்சேன். பதினோரு வருஷமா எது வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேனோ, அது இப்ப தங்கக் கலர் பூசிக்கிட்டு அரிசி டின் மேல உட்கார்ந்திருக்கு. லேபிளை உரிச்சா தெரியாதுன்னு நினைச்சீங்களா? பாட்டில் தோளைப் பார்த்தே எந்த ரம்முன்னு சொல்லிருவேன் நான். லயத்துல எந்தப் பொம்பளையும் சொல்லுவா.

அந்தக் கூடை நமத்துப்போச்சு. இங்க அடிக்கிற சாரல்ல பேப்பர் நிக்குமா? அடியில பூஞ்சை பிடிச்சு, பூண்டெல்லாம் ஈர வாடை. அடுப்புல போட்டேன். நல்லா எரிஞ்சுது, அது ஒண்ணு உபயோகம்.

டின்சி அந்தப் பாட்டிலைத் தொடல. என்னம்மா இதுன்னுகூடக் கேட்கல. உங்களைப் பேப்பர் வெட்டச் சொல்லி யாரும் அங்க அனுப்பல. அவளுக்கு ரெண்டு வரி எழுதச் சொன்னேன். வார்த்தை வரலயாம்! டிஷ்யூ பேப்பரைக் கசக்குறதுக்கு ஒரு பக்கம் வார்த்தை வருது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. குளிர்ல காதை மூடிக்கோங்க.

ரிஞ்சு

*

ஆனைகட்டி
19 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்புள்ள ரிஞ்சுவுக்கு,

நலம். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு தினமும் ஜெபமாலை சொல்றேன்.

பாட்டில் விஷயத்துல எனக்குப் புத்தி இல்லாமப் போச்சு, மன்னிச்சிரு. உடைச்சு மண்ணுல புதைச்சிரு. இனிமே பாட்டிலைத் தொட மாட்டேன், இந்த அர்த்தத்துலயும் சரி, அந்த அர்த்தத்துலயும் சரி.

இந்தத் தடவை முழுக்க முழுக்க டின்சிக்கு. அவளே செய்யுற மாதிரி ஒரு பெட்டி தயார் பண்ணிருக்கேன். கல்யாணப் பத்திரிகை அட்டையில நட்சத்திரத்துக்கு அளவு போட்டு வரைஞ்சிருக்கேன். அவ கோட்டு மேலயே கத்தரியால வெட்டி, புள்ளி வச்ச இடத்துல மடிச்சு, அஞ்சு இதழையும் ஒட்டினா நட்சத்திரம் வந்துரும். ஊசி நூலும் வச்சிருக்கேன், பாசிமணி கோத்து ஓரத்துல தொங்கவிட. சின்னக் கத்தரி, முனை மழுங்கினது, கையில குத்தாது. குஞ்சு முகம்மது பாய் மகள் ஃபஸீலா பார்க்க வந்தப்போ பாலக்காட்டுல இருந்து வாங்கிட்டு வரச் சொன்னேன்.

ஜானகியம்மாகிட்ட பத்து வயசுப் பிள்ளைக்கு இது முடியுமான்னு கேட்டேன். "ஏனுங்க மிக்கேலு, இதிலென்னங்க கஷ்டம்? சின்னப் புள்ளகூடச் செய்யலாமுங்க"ன்னாங்க.

ஒரு நாளைக்கு ஒண்ணு செஞ்சாப் போதும். கிறிஸ்மஸுக்கு வீடு நிறையும். நட்சத்திரத்தைப் பரிசாவும் குடுக்கலாம், ஸ்கூல் டீச்சருக்கு, பங்குச் சாமியாருக்கு.

உன்
மிக்கேல்

*

வட்டவடை ரோடு
30 அக்டோபர் 2025

டின்சி அப்பாவுக்கு,

பெட்டி வந்துச்சு. திருப்பி அனுப்புறேன்.

கத்தரி அனுப்பாதீங்க. ஊசி அனுப்பாதீங்க. பாசிமணி அனுப்பாதீங்க. வெட்டுறது, கோக்குறது, மடிக்கிறது ஒண்ணும் வேணாம். ஏன்னு கேட்காதீங்க.

உங்க சென்டர் கவுன்சிலர் சேர்க்கும்போதே என்னைத் தனியாக் கூப்பிட்டு உட்கார வச்சு, ஆறு மாசம் முடியிற வரைக்கும் மனசைக் கலக்குற எதையும் எழுதக் கூடாதும்மா, வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டாலே பாதிப் பேர் கேட்டைத் தாண்டிருவாங்கன்னு சொல்லி அனுப்பினார். அதுக்காக எழுதாம இருக்கேன். ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுத்து, எழுதி, கிழிச்சு, பிறகு கூடையைப் பத்தியும் பாட்டிலைப் பத்தியும் எழுதுறேன். எனக்கு என்ன, கூடையைப் பத்தி எழுதணும்னு ஆசையா?

அவளுக்கு எழுதினீங்களா இல்லையா?

காலையில ஆறு மணிக்கு எழுந்து, அவளை ரெடி பண்ணி, கொழுந்தெடுக்கப் போயி, சாயங்காலம் மலை ஏறி வீடு வந்தா, உங்க பார்சல் வாசல்ல உட்கார்ந்திருக்கு. அதைப் பார்த்தாலே எனக்கு இப்ப தலை வலிக்குது.

ரிஞ்சு

*

ஆனைகட்டி
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள ரிஞ்சுவுக்கு,

சுகம், சுகத்துக்கு எழுதவும்.

உன் கோபம் எனக்குப் புரியுது, ஆனா பிள்ளைக்குன்னு அனுப்பினதைத் திருப்பி அனுப்புவாங்களா? பெட்டியை வாங்கி வச்சுக்கிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். கை ரொம்ப நாள் கட்டுல இருந்ததால அவ பயப்படுறா, நீயும் செல்லம் குடுத்துச் சும்மா வச்சிருக்க. அப்படி விடக் கூடாது. வேலை குடுத்தாத்தான் கை பழகும், என் கையே சாட்சி. முதல்ல ரெண்டு நாள் வலிக்கும், அழுவா, அழட்டும். கத்தரியைப் பிடிக்கச் சொல்லு.

பெட்டியை மறுபடியும் அனுப்பிருக்கேன். இந்தத் தடவை கலர் கலரா மணி சேர்த்து வச்சிருக்கேன்.

நல்ல சேதி ஒண்ணு. கிறிஸ்மஸுக்கு நாலு நாள் லீவு கிடைக்கும் போல. இங்க பொறுப்பா இருக்கிற சிஸ்டர் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இருபத்து மூணாம் தேதி சாயங்காலம் நான் வரும்போது டின்சி கையால செஞ்ச நட்சத்திரம் வாசல்ல தொங்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

உன்
மிக்கேல்

*

16 நவம்பர்

அப்பாவுக்கு,

நான் டின்சி. இது இடது கையில எழுதுறது. அதான் கோணல். ஒரு பக்கம் எழுத ரொம்ப நேரம் ஆகும், அதனால கொஞ்சமா எழுதுறேன்.

நீங்க அம்மாவுக்கு எழுதின லெட்டரை நான் படிச்சேன். அம்மா செல்லம் குடுக்கல.

என் வலது கை சரியாகல. எலும்பு கூடிருச்சு. உள்ள நரம்பு நசுங்கிருச்சாம். கட்டைவிரலும் அதுக்கு அடுத்த விரலும் சேர மாட்டேங்குது. செப்டம்பர்ல கோட்டயத்துல ரெண்டாவது ஆபரேஷன் பண்ணாங்க. ஓணப் பரீட்சை நான் எழுதல, டீச்சர் வாயால கேட்டாங்க. பட்டன் அம்மாதான் போட்டு விடுறா.

கத்தரியைப் பிடிச்சுப் பார்த்தேன். பெட்டி வந்த ரெண்டு தடவையும் பார்த்தேன். அம்மா வேலைக்குப் போன பிறகு. விழுந்துருச்சு. மணி எல்லாம் கட்டிலுக்கு அடியில ஓடிருச்சு.

சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம்னு எழுதாதீங்க.

நான் இதை எழுதினது அம்மாவுக்குத் தெரியாது. மொக்கையன் தாத்தாகிட்ட குடுக்கப் போறேன்.

டின்சி
5 பி

*

வட்டவடை ரோடு
7 டிசம்பர் 2025

டின்சி அப்பாவுக்கு,

மூணு வாரமா உங்ககிட்ட இருந்து ஒண்ணும் வரல. முதல் வாரம் அப்பாடான்னு இருந்துச்சு, பார்சல் இல்ல. ரெண்டாவது வாரம் சந்தேகம். நேத்து மொக்கையன் அண்ணன் வந்து, "பாப்பா குடுத்த லெட்டருக்கு அவ அப்பன்கிட்ட இருந்து பதில் வந்துச்சா"ன்னு கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும்.

டின்சியை உட்கார வச்சுக் கேட்டேன். என்ன எழுதினான்னு ஒரு வரி விடாமச் சொன்னா. "நீ எழுத மாட்டேங்கிற, அப்பா எழுத மாட்டேங்குறார், யாராவது எழுதணும்ல"ன்னா.

அவ எழுதினது எல்லாம் உண்மை. மிச்சத்தை நான் சொல்றேன். நரம்பு திரும்பி வரலாம், வராமலும் போகலாம், ஒரு வருஷம் பார்க்கணும்னு டாக்டர் சொல்றார். தினமும் எஸ்டேட் ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்குறாங்க. வீட்டுல சப்பாத்தி மாவை உருட்டிக் குடுத்துப் பிசையச் சொல்றேன். பிசைவா, முடியலன்னா செவத்துல அடிப்பா. செவத்துல மாவு காய்ஞ்சு ஒட்டியிருக்கு, அதுதான் இந்த வருஷம் நம்ம வீட்டு அலங்காரம்.

இப்ப உங்க மேல வந்த கோபத்தைவிட என் மேல கோபம். பத்து வயசுப் பிள்ளைக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்ல. உங்க மேல இரக்கப்பட்டு நான் மறைச்சேன், மறைச்சதுக்கு என்ன பலன், நீங்க அவளை அழவிடச் சொல்லி எழுதினீங்க.

உங்க சென்டருக்குப் போன் போட்டேன். இருக்கார், அடுத்த ஞாயித்துக்கிழமை அவரே எழுதுவார்னு மட்டும் சொல்லி வச்சிட்டாங்க. இருக்கார்னா என்ன அர்த்தம்? கட்டிலும்தான் இருக்கு. என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. கைவேலையைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினா நான் படிக்க மாட்டேன்.

ரிஞ்சு

*

ஆனைகட்டி
14 டிசம்பர் 2025, ஞாயிறு

ரிஞ்சு,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

டின்சி கடுதாசியை நவம்பர் இருபத்து மூணு ஞாயித்துக்கிழமை மத்தியானம் குடுத்தாங்க. படிச்சேன். சாயங்காலம் கேட்டைத் தாண்டிட்டேன். பாலம் கடந்தா தமிழ்நாடு, கடை எங்க இருக்குன்னு விசாரிக்க வேண்டிய அவசியம் இல்ல, காலுக்கே தெரியும். குடிச்சேன். எவ்வளவுன்னு ஞாபகம் இல்ல. பஸ் நிக்கிற கொட்டகையில கிடந்தேன். விடிஞ்சப்போ பாக்கெட்ல அவ கடுதாசி நனைஞ்சு போயிருந்துச்சு. திரும்பி வந்து கேட்டைத் தட்டி, குடிச்சிட்டேன்னு சொன்னேன்.

சிஸ்டர் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆறு மாசத்தை முதல்ல இருந்து எண்ணணும்னாங்க. கிறிஸ்மஸ் லீவு ரத்து. ரெண்டு வாரம் எழுதவும் அனுமதி இல்ல. சரின்னு கையெழுத்துப் போட்டேன். மே கடைசியிலதான் வர முடியும்.

நீ கைவேலையைப் பத்தி எழுத வேணாம்னு சொல்லிட்ட. இது ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், இதுக்கப்புறம் எழுதல. புதன்கிழமை குஞ்சு முகம்மது பாய்கிட்ட துண்டைக் குடுத்து என் வலது கையை முதுகுக்குப் பின்னாடி கட்டச் சொன்னேன். டின்சிக்கு அனுப்பின மாதிரியே ஒரு நட்சத்திர அட்டையை வரைஞ்சு வச்சு உட்கார்ந்தேன். கத்தரி இடது கையில வெட்டவே இல்ல, அட்டையை மென்னு துப்புச்சு. மடிக்கும்போது பிடிக்க ஆள் இல்லாம அட்டை நழுவிக்கிட்டே போச்சு. பல்லால கடிச்சேன். வகுப்பு முடியிற வரைக்கும் ஒரு இதழ்கூட வரல. ஜானகியம்மா வந்து நின்னு பார்த்தாங்க. விஷயத்தைப் பாய் சொன்னார். அவங்க என் முன்னாடி இருந்த கத்தரியை எடுத்துத் தன் பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க.

டின்சிக்கு எழுதினது கீழ இருக்கு. நீ படிச்சுட்டுக் குடு.

மிக்கேல்

டின்சிக்கு,

மாடு எதுவும் வரல. ரோட்டுல யாருமே இல்ல. நான் குடிச்சிருந்தேன். வளைவு தெரிஞ்சும் வேகமா ஓட்டினேன். வண்டி உருண்டது என்னாலதான், உன் கை ஒடிஞ்சது என்னாலதான். அதை ஒத்துக்கப் பயந்து மாட்டு மேல பழி போட்டேன். உன் பக்கத்துல நின்னே பொய் சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் உனக்கு எழுதாம சாமான் சாமானா அனுப்பினேன்.

உன் கடுதாசி வந்த அன்னிக்கு மறுபடியும் குடிச்சேன். அதையும் உங்கிட்ட மறைக்கல. அது உன்னால இல்ல.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். முடியாதுன்னா பரவாயில்ல, நான் கேட்டது கேட்டதுதான்.

அப்பா

*

வட்டவடை ரோடு
22 டிசம்பர் 2025

டின்சி அப்பாவுக்கு,

கடுதாசியை அவகிட்ட குடுத்தேன். கட்டில்ல ஏறி, செவத்தைப் பார்த்து உட்கார்ந்து படிச்சா. நாலா மடிச்சு அவ ஸ்கூல் பையில வச்சுக்கிட்டா. அழல. எனக்குத்தான் அடுப்படியில நிக்க முடியல.

நீங்க மறுபடியும் குடிச்சதுக்குத் திட்டத் தெம்பு இல்ல, கொழுந்து சீசன்ல ஒண்ணும் மிச்சம் இல்ல எங்கிட்ட. திரும்பிப் போயி கேட்டைத் தட்டினீங்கல்ல, அதை மட்டும் வச்சுக்கிறேன்.

வாசல்ல நட்சத்திரம் மாட்டியாச்சு. மூணாறு பஜார்ல வாங்கின பிளாஸ்டிக் நட்சத்திரம். மழையில நனையல, பூஞ்சை பிடிக்கல, சுவிட்சைப் போட்டா எரியுது. கை வலிக்காம ஒரு நட்சத்திரம், ரொம்ப நிம்மதி.

ஜனவரி பதினொண்ணு ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றவங்களை விடுவாங்களாமே. டின்சி வரணும்ங்கிறா. உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்கணுமாம். என்ன கேள்வின்னு எங்கிட்ட சொல்ல மாட்டேங்குறா. உடுமலைப்பேட்டை போயி கோயம்புத்தூர் போயி அங்க இருந்து வரணும், ரெண்டு நாள் கூலி போகும், இருந்தாலும் வர்றோம். எதையும் செஞ்சு வைக்காதீங்க. வெறுங்கையோட உட்கார்ந்திருங்க.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

ரிஞ்சு

*

வட்டவடை ரோடு
14 ஜனவரி 2026

டின்சி அப்பாவுக்கு,

திங்கள்கிழமை சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம். மறையூர் தாண்டினதும் அவளுக்கு வாந்தி, மத்தபடி சுகம். நீங்க இளைச்சிருக்கீங்க, எழுத்துல நாலு கிலோ ஏறினவர் நேர்ல எங்க போனார்னு தெரியல.

அன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் உள்ள விட்டுட்டு வெளியில நிக்கிறேன்னு சொன்னேன்ல, ஜன்னல் பக்கத்துலதான் நின்னேன். எல்லாம் கேட்டுச்சு.

"மெதுவாப் போங்கப்பான்னு மூணு தடவை சொன்னேன். உங்களுக்குக் கேட்டுச்சா?"

நீங்க கேட்கலன்னு சொல்லிருவீங்கன்னு நினைச்சேன். இன்ஜின் சத்தம், மழைச் சத்தம், என்னவாவது சொல்லியிருக்கலாம், பிள்ளை நம்பியிருக்கும். நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, மாதாவே, இந்த ஆளு வாயில பொய் வரக் கூடாதுன்னு நின்னேன்.

"கேட்டுச்சு"ன்னீங்க.

"அப்ப ஏன் மெதுவாப் போகல?"

"நீ சொல்லி நான் கேட்கணுமாங்கிற திமிரு, டின்சி."

அப்புறம் அவ உங்க பக்கத்துல உட்கார்ந்து அங்க குடுத்த பழம்பொரியைச் சாப்பிட்டா. நீங்க ஊட்ட வந்தப்போ கையைத் தட்டி விட்டுட்டு இடது கையால எடுத்துக்கிட்டா. நான் பார்த்தேன், உங்க முகம் செத்துப்போச்சு. அதுக்கு வருத்தப்படாதீங்க, எங்கிட்டயும் அப்படித்தான். இப்ப பட்டனையும் அவளே போடுறேன்னு நிக்கிறா, ஸ்கூல் பெல் அடிச்சிரும், நான் வாசல்ல நின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்.

டாக்டர்கிட்ட நேத்துக் காட்டினோம். கட்டைவிரல் ஒரு துளி அசையுதாம். அவருக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. அவர் சொன்னதுக்காக நம்புறேன்.

நீங்க வீட்டுக்கு வர்றதைப் பத்தி நானும் அவளும் பஸ்ல பேசினோம். பேசினோம்னா, அவ சொன்னா, நான் கேட்டுக்கிட்டேன். மே மாசம் நீங்க வரலாமாம். ஆனா இனிமே உங்க கூட ஜீப்ல ஏற மாட்டாளாம், நீங்க குடிக்காம இருந்தாலும் ஏற மாட்டாளாம். எப்போ ஏறுவேன்னு அவளே சொல்வாளாம், அதுவரைக்கும் யாரும் கேட்கக் கூடாதாம். எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஜீப் முதலாளிகிட்ட வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிட்டேன். ஃபேக்டரியில சாக்கு தைக்கிற வேலைக்கு ஆள் கேட்குறாங்க, வந்ததும் போய்ப் பாருங்க. கை நடுங்காம இருந்தா எடுப்பாங்க.

ஜூன்ல அவளுக்கு ஆறாம் கிளாஸ். ஸ்கூல் மாறுது, குறுக்கு வழியில போனாலும் மூணு கிலோமீட்டர், பாதித் தூரம் செங்குத்தா ஏத்தம். "அப்பா நடந்து கூட்டிட்டுப் போகட்டும், பையை அவர் தூக்கட்டும்"னு சொல்லிட்டா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மழைக்காலத்துல கால்ல அட்டைப்பூச்சி ஏறும், உங்களுக்கு மூச்சு வாங்கும்.

வாங்கட்டும்.

ரிஞ்சு